எண்ணும் கருத்தும்

(இந்து இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

கணக்கு என்றவுடன் மனம் கலங்கும் மாணவர் பலர். வாய்பாடு அவர்களுக்குத் தெரியும். ஆனால், வினாவின் உருவம் சற்று மாறினால் விடை வருவதில்லை. எண்ணைக் கற்றார்கள், எண்ணுக்கு எண் உள்ள உறவைக் கற்றாரில்லை.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் ஓதிய எண்சுவடியைப் பாருங்கள். காலிற் பாதி அரைக்கால், அதாவது எட்டிலொன்று. மா என்பது 20இல் ஒன்று. அரைமா 40இல் ஒன்று. இவ்விரண்டையும் உணர்ந்த பிள்ளைக்குக் காணி என்பது 80இல் ஒன்று என்று மட்டும் சொல்லுங்கள். அரைக்காணி 160இல் ஒன்று என்பதை அது தானே கண்டுகொள்ளும். கற்றது இரண்டு, பெற்றது மூன்று. உறவை அறிந்ததன் பயன் இதுவே.

ஆயினும், ஓரிடத்திற் கண்ட உறவை எவ்விடத்தும் பொருத்திவிடலாமோ? ஆகாது. யாழ் நரம்பொன்றை எடுத்துக்கொள்வோம். இழுவிசை மாறாதிருக்க, நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும்; மூன்றில் ஒரு பங்காக்கினால் மும்மடங்காகும். இது கண்ட மாணவன், "இழுவிசையை இரு மடங்காக்கினாலும் அதிர்வெண் இரு மடங்காகும்" என்று துணிவானாயின் பிழை செய்வான். அதற்கு இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். மும்மடங்கு அதிர்வுக்கோ ஒன்பது மடங்கு வேண்டும். ஊகிப்பது அறிவு, ஊகித்ததை நரம்பை மீட்டிச் சோதிப்பது அதனினும் பெரிய அறிவு.

இந்த நெறிக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, கணிதத்திலும் வல்லவர். வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் இசையை எண்கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூலை' நமக்கு அளித்தார். பள்ளியிற் கற்ற கணிதம் பழந்தமிழ் இசைக்குத் திறவுகோலாயிற்று!

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளை விடை சொன்னவுடன் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். "எப்படி வந்தது?" என்று கேளுங்கள், பின் எண்ணை மாற்றிக் கேளுங்கள், அதன்பின், "இம்முறை எங்கே பொருந்தாது?" என்றும் கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காணப் பழகிய பிள்ளை வயலிலும் வாவியிலும் கடையிலும் காரியாலயத்திலும் பிறர் கணக்கை நம்பி ஏமாறாது.