விடுதிச் சுவரில் முளைத்த இச்சி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேஜை மேல் இருக்கிற இந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "சார், இது பிளாஸ்டிக் மரமா?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி. இதுவும் இந்தக் கல்லூரியில் இருந்து வெளியே போனதுதான். நான் போன அதே வருஷம், 1984-ல்.

அப்போது விடுதி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த செடிகளை ஒரு மேஸ்திரி கடப்பாரை வைத்து நெம்பிக்கொண்டிருந்தார். பறவை எச்சத்தில் வந்து விழுகிற விதை, சுவர் விரிசலில் வேர்விட்டுச் சுவரையே பிளந்துவிடும். அதில் ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "கட்டடத்தையே தின்னுடும் தம்பி, பாத்து வச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அது இச்சிச் செடி. தாவரவியலில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

போன்சாய் என்றால் வெட்டி வெட்டிக் குட்டையாக்குவது என்று பலபேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்னத் தொட்டியில் வைத்து, துளிர் தலைகாட்டினால் கத்தரித்து, பத்து வருஷம் பார்த்துக்கொண்டேன். பத்து வருஷம் கழித்தும் அடிமரம் கட்டைவிரல் பருமன்தான். குட்டையாக இருந்ததே தவிர, மரமாகத் தெரியவில்லை.

காரணம் எளிமையானது. இலை வெயிலில் உணவு தயாரித்தால்தான் தண்டு பருக்கும். இலையை எல்லாம் நான் கத்தரித்துவிட்டால் அது எதை வைத்துப் பருக்கும்? 1995-ல் அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, வீட்டுக் கொல்லையில் நட்டேன். வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் படர்வதற்காக அடியில் ஒரு தரை ஓட்டைப் போட்டேன். நாலு வருஷம் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. ஆள் உயரம் தாண்டி வளர்ந்தது. 1999-ல் தோண்டி எடுத்தபோது அடிமரம் என் முன்கை பருமன். ஓர் அடி உயரத்தில் வெட்டினேன். வீட்டில் எல்லாரும் செத்தது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இருபது நாளில் பழைய பட்டையிலிருந்தே புதுத் துளிர் வந்தது. இச்சிக்கு அந்தத் திறமை உண்டு. இன்று நீங்கள் பார்க்கிற கிளை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அதற்காக என்ன செய்தாலும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 டிசம்பரில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டு, ஒரே வாரத்தில் வேரையும் வெட்டி, இலை முழுவதையும் கிள்ளிவிட்டேன். குளிர்காலத்தில் இது தூங்கி வழிகிற மரம். வலது பக்கக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. என் அவசரத்துக்கு அது கொடுத்த விலை அது. இந்தப் பக்கம் தெரிகிற தழும்பு அப்போது வந்தது. இரண்டு வருஷம் தண்ணீரையும் வெயிலையும் தவிர வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகுதான் தேறியது.

சரி, இதை ஏன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தேன்? நான் மகனோடு இருக்கப் போகிறேன். அவன் ஃபிளாட்டில் மொட்டைமாடி நமக்குக் கிடையாது, பால்கனியில் வெயிலும் கிடையாது. ஹாலில் அழகுக்கு வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இலை உதிர்த்துவிடும். அதனால் தாவரவியல் துறைக்கே இதை ஒப்படைக்கிறேன். தம்பி தங்கைகளே, கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். மேல்மண் காய ஆரம்பித்ததும், அடித்துளை வழியாக வடிகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருக்கும்போது கடமைக்காக ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வாக்கில், மண் மாற்றுங்கள். சலித்த செங்கல் சல்லி, பருமணல், இலைமக்கு மூன்றும் சமமாக. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வேரை வெட்டிய வருஷம் இலை கிள்ளும் வேலை வேண்டவே வேண்டாம். கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால் வாராவாரம் பாருங்கள். மழைக்காலத்தில் கிளை மளமளவென்று பருக்கும். கம்பி பட்டைக்குள் பதிந்தால் அந்த வடு லேசில் போகாது. அதே மழைக்காலத்தில்தான் விழுதும் இறங்கும். குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி விழுதைச் சுற்றி மாட்டி மண்ணுக்குள் விட்டால், ஈரத்தில் நேராக இறங்கிவிடும்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். மே மாதம். கல்லூரி பூட்டியிருக்கும், அப்போதுதான் இதற்கு இரண்டு வேளையும் தண்ணீர் தேவை. இவ்வளவு ஆழமில்லாத தொட்டியில், அக்கினி நட்சத்திர வெயிலில், இரண்டு நாள் விட்டுப்போனால் நாற்பது வருஷத்து மரம் போய்விடும். மாணவர்கள் மூன்று வருஷத்தில் போய்விடுவீர்கள். ஆகவே உள்ளூரில் இருக்கிற நம் சங்க உறுப்பினர்களை நான் கேட்பது நன்கொடை அல்ல. மே மாதத்துக்கு ஒரு முறைப் பட்டியல். ஆளுக்கு இரண்டு நாள்.

முடியாத காரியம் இல்லை. வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரம். 1945 ஆகஸ்ட் 6-ல் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இருந்தும் பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். எத்தனையோ கைகள் மாறி மாறித் தண்ணீர் ஊற்றியதால்தான் அது இன்றும் நிற்கிறது.

கூட்டம் முடிந்ததும் பட்டியல் நோட்டு இதே மேஜையில் இருக்கும். மே 1, 2 தேதிகளில் என் பெயரை எழுதிவிட்டேன். ஊரிலிருந்து வந்துவிடுகிறேன். மூன்றாம் தேதியிலிருந்து காலியாக இருக்கிறது.