அளவெடுத்துச் செய்த சைக்கிள்

(ஆதரவாளர்களின் மாலைக் கூடுகையில், இங்கிலாந்தில் செவிலியாகப் பணியாற்றும் ஒரு சகோதரி ஆற்றிய உரை)



இந்தக் கூடுகைக்கு என்னை அழைத்தவர்கள், "மருத்துவமனைக் காரியங்களை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், நீங்கள் உங்கள் சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு சைக்கிளைப் பற்றி இவ்வளவு பேர் முன்னால் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

நான் ஓட்டுவது மலைச் சைக்கிள். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் ஓட்டுவதற்கென்று அகலமான டயரும் பலமான பிரேக்கும் வைத்துச் செய்தது. இதில் முன்பக்கம் மட்டும் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க் இருந்து, பின்பக்கம் வெறும் குழாயாக இருந்தால் அதற்கு ஹார்ட்டெயில் என்று பெயர்.

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள டமால்பைஸ் மலைப்பகுதி. அங்கே சில வாலிபர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் இறங்கி வந்தார்கள். 1976 அக்டோபரில் பந்தயமும் வைத்தார்கள். சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆகவே அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. பழைய பிரேம்கள் உடைந்துகொண்டே இருந்தபடியால், ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைக் கொண்டு இதற்கென்றே புதிய பிரேம் ஒன்றைத் தம் கையால் கட்டினார். அதைப்போல நண்பர்களுக்கும் கட்டிக்கொடுத்தார். அந்த முதல் சைக்கிள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படிப் பார்த்தால், மலைச் சைக்கிள் தொழிற்சாலைப் பொருளாகப் பிறக்கவில்லை. கேட்டவருக்குக் கட்டிக்கொடுத்த பொருளாகவே பிறந்தது.

விரல்கள் மரத்துப்போயின

என் உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 47 கிலோ. நான் வசிக்கும் ஷெஃபீல்டு நகரம் பீக் மாவட்ட மலைகளின் ஓரத்தில் இருக்கிறது. இரவுப்பணி முடிந்த வாரங்களில் மனதுக்கு ஆறுதல் தருவது அந்த மலைப்பாதைகள்தான். ஆனால் கடையில் கிடைத்த மிகச் சிறிய அளவுச் சைக்கிளும் எனக்குப் பெரியது. ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியதால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. ஒரு மணி நேரம் ஓட்டினால் மோதிர விரலும் சிறுவிரலும் மரத்துப்போகும்.

செவிலியர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உடனே விளங்கும். மணிக்கட்டில் சிறுவிரல் பக்கமாகப் போகிற அல்னார் நரம்பு நசுங்கினால் வருவது அது. முதலில் சில நிமிடங்களில் சரியானது, பிறகு மறுநாள் வரைக்கும் நீடித்தது. ஒருநாள் ஒரு வயதான தாயாருக்கு ஊசிக்குழாய் பொருத்தும்போது என் பிடி தளர்வதை உணர்ந்தேன். வேறொரு செவிலியை அழைத்துச் செய்யச் சொன்னேன். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "சைக்கிளை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நரம்பு நிரந்தரமாகக் கெட்டுப்போக இடம் கொடுக்கவேண்டாம்" என்றார். என் கைதான் என் பிழைப்பு.

சீட்டை முன்னே தள்ளினோம், ஹேண்டில்பாரை அறுத்துக் குறுக்கினோம், கைப்பிடியை மாற்றினோம். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. பிரேமே பெரிதாயிருக்கும்போது சுற்றிலும் எதை மாற்றினாலும் ஓரளவுக்குத்தான் பலன். கடைக்காரர் ஒருவர், "உங்களைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் கையால் பிரேம் கட்டும் ஒரு தொழிலாளியைத் தேடிப் போனேன்.

அளவெடுத்தல்

அவர் முதலில் சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. "எங்கே ஓட்டுகிறீர்கள்? எத்தனை மணி நேரம்? எங்கே வலிக்கிறது?" என்று நோயாளியை விசாரிப்பதுபோல விசாரித்தார். பிறகு சுவரோரம் நிற்கவைத்து, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து உட்கால் நீளம் பார்த்தார். தோள் அகலம், கை நீளம், உடம்பின் நீளம் எல்லாம் குறித்துக்கொண்டார். நீட்டிக் குறுக்கக்கூடிய ஒரு நிலைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கவைத்துப் பக்கவாட்டில் நின்று கவனித்தார்.

அவர் சொன்ன ஒரு காரியம் என்னை யோசிக்க வைத்தது. தொழிற்சாலையில் செய்யும் பிரேமில் யார் ஏறுவார்கள் என்று தெரியாது. 100 கிலோ எடையுள்ளவர் ஏறினாலும் உடையக்கூடாது. ஆகவே சின்ன பிரேமுக்கும் தடித்த குழாய்களையே போடுகிறார்கள். குழாய் குட்டையாகும்போது அது இன்னும் விறைப்பாகிவிடுகிறது. கடைசியில் எடை குறைந்தவருக்குத்தான் மிக விறைப்பான சைக்கிள் கிடைக்கிறது! ஏறப்போகிறவர் இன்னார் என்று தெரிந்தால் மாத்திரமே குழாயை அவருக்குத் தக்கபடி மெலிதாக்க முடியும்.

எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், வலிமையில்தான் வித்தியாசம். சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு அதிக வலிமையானது. ஆகவே மெல்லிய குழாயாக இழுக்கலாம். அதிலும் பற்றவைக்கிற முனைகளில் 0.8 மில்லிமீட்டரும், நடுவில் 0.5 மில்லிமீட்டருமாக இருக்கும்படி இழுப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. இந்த முறைக்கு பர்மிங்காமிலுள்ள ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897-லேயே காப்புரிமை பெற்றார்கள். அந்த ரெனால்ட்ஸ் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தோடு சேர்ந்தது. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தாரோடு கூடி 1949-இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் நிறுவனம். உங்களில் அநேகர் ஓட்டிய ஹெர்குலஸ் அங்கே செய்யப்பட்டதுதான். ஆகவே இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரமானதல்ல.

வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. வழக்கமான 170 மில்லிமீட்டர் கிராங்குக்குப் பதிலாக 155. குட்டைக் கால் முழங்காலை நெஞ்சுவரை தூக்கவேண்டியதில்லை. 29 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 27.5; கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்காது. ஃபோர்க் 120 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது. நான் ஏறினதுமே அதில் 30 மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் இறங்குவதால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி நிமிர்ந்துவிடும். ஆகவே 67 டிகிரி வேண்டுமானால் 65.5 என்று வரைந்தார். "சும்மா நிற்கிற சைக்கிளுக்கு வரையக்கூடாது, ஆள் ஏறின சைக்கிளுக்கு வரையவேண்டும்" என்றார்.

கட்டுதல்

எட்டு மாதம் காத்திருந்தேன். செலவு ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். கட்டும்போது ஒருநாள் வந்து பார்க்க அனுமதித்தார்.

ஒரு பிரேமுக்கு எட்டுக் குழாய்கள். ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் பொருந்தும்படி முனைகளை மீன்வாய்போல வெட்டி அரத்தால் ராவுகிறார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. பிறகு இரும்புச் சட்டத்தில் பூட்டி, கேஸ் விளக்கால் சூடாக்கிப் பித்தளையை உருக்கி ஓடவிடுகிறார். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும்; எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே எஃகு உருகாமலே பித்தளை அதைப் பற்றிக்கொள்கிறது. சூடு அதிகமானால் எஃகு கெடும், குறைந்தால் பித்தளை ஒட்டாது. அவர் குழாயின் நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிகிறார். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் சமதளமான இரும்பு மேசையில் வைத்து, வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார். வர்ணம் பூசின பிறகு இந்தப் பிரயாசம் ஒன்றும் வெளியே தெரிவதில்லை.

ஓட்டிப் பார்த்தேன்

ஷெஃபீல்டுக்குத் தென்மேற்கே ஹவுண்ட்கர்க் என்னும் பழைய பாதை புல்வெளிக் குன்றின்மேல் போகிறது. முழுவதும் கல். முதல் ஓட்டத்துக்கு அதையே தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பத்து விரலிலும் உணர்வு இருந்தது. மூன்று மாதத்தில் மருத்துவர் மறுபடி பரிசோதித்து, பிடி பழையபடி வந்துவிட்டது என்றார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். எஃகு குலுக்கலை எல்லாம் விழுங்கிவிடும் என்று சிலர் சொல்வது மிகைப்பேச்சு. அகலமான டயரில் காற்றைக் குறைப்பதே அதைவிட அதிகம் உதவும். முன்பு 30 பவுண்டு அழுத்தம் வைத்திருந்தேன், இப்போது 18. பின்பக்க ஸ்பிரிங் இல்லாததால் கல்லில் இறங்கும்போது பெடலில் எழுந்துநின்று முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். சைக்கிள் எனக்கு அளவாயிருப்பதால் அப்படி எழுந்து நிற்க முடிகிறது. பாரம் கையிலிருந்து காலுக்கு மாறுகிறது. என் கையைக் காப்பாற்றியது அதுதான்.

மூன்றாம் வருடத்தில் ஒரு கூர்மையான கல் தெறித்துப் பின்சக்கரத்தை ஒட்டிய கீழ்க்குழாயில் மயிரிழைபோல விரிசல் விட்டது. அலுமினியமானால் வெல்டிங் செய்தபின் உலையில் வைத்துப் பதப்படுத்தவேண்டும். ஆகவே பெரும்பாலும் பிரேமையே எறிந்துவிடுவார்கள். என் பிரேமில் அந்த ஒரு குழாயை மட்டும் அறுத்தெடுத்துப் புதியதை வைத்தார். இரண்டு வாரத்தில் மறுபடி ஓட்டினேன். எஃகுக்குச் சத்துரு துருதான். வருடத்துக்கு ஒருமுறை குழாயின் உள்ளே மெழுகு எண்ணெய் தெளித்தால் போதும்.

பழுதுபார்க்க முடிவது சிறிய நன்மையல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொடுத்த வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம், பின்னர் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கென்று செய்த சைக்கிளுக்கும் எஃகையே தெரிந்துகொண்டது. பாரம் தாங்கவேண்டும், அந்த ஊரிலேயே பழுதுபார்க்கவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

உங்களுக்கு ஒரு ஆலோசனை

எல்லாரும் இப்படிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடுத்தர உயரமுள்ளவர்களுக்குக் கடைச் சைக்கிளே பொருந்தும். வலி இருந்தால் முதலில் சீட்டின் உயரம், ஹேண்டில்பாரின் தூரம், டயரின் காற்று, கிராங்கின் நீளம் இவற்றைச் சரிசெய்து பாருங்கள். பாதிப் பேருக்குமேல் அதிலேயே தீர்ந்துவிடும் என்று அந்தத் தொழிலாளியே சொன்னார். தீராதவர்கள் மட்டும் அளவெடுக்கப் போங்கள்.

ஆனால் பெற்றோருக்கு ஒன்று. "பிள்ளை வளர்ந்துவிடும், பெரியதாகவே வாங்குவோம்" என்று சைக்கிள் வாங்குகிறோம். கால் தரையில் எட்டாமல், பிரேக்கை விரல் பிடிக்க முடியாமல் பிள்ளை விழுந்துவிட்டு, "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறது. பிள்ளையைச் சீட்டில் உட்காரவையுங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் படவேண்டும். பிரேக்கை முழுவதும் அழுத்த முடியவேண்டும். இல்லையென்றால் ஒரு அளவு சிறியதை வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

சைக்கிளை வெளியே வராந்தாவில் நிறுத்தியிருக்கிறேன். குட்டையானவர்கள் தாராளமாக ஏறிப் பார்க்கலாம்!