தேங்காப்பட்டணத்து மணல் யார் கொண்டுவந்து போட்டது?

குமரி மாவட்டத்துப் புதுக்கடை என்றதும் வரலாறு தெரிந்தவர்களுக்கு நினைவு வருவது 1954 ஆகஸ்ட் 11. தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள் மேல் இங்கேயும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். இன்றைக்கு அதைவிட ரொம்பப் பழைய சங்கதி. புதுக்கடையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் கீழே இறங்கினால் தேங்காப்பட்டணம் கடற்கரை. அந்தக் கரையை உண்டாக்கியது யார்?

ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். ஒரே நிறமாக இருக்காது. வெள்ளையாகக் கண்ணாடித் துகள் போல இருப்பது குவார்ட்ஸ். மாதுளை முத்தைப் பொடித்த மாதிரி சிவப்பாக மின்னுவது கார்னெட். கருகருவென்று இருப்பது இல்மனைட். இவற்றோடு மஞ்சள் சாயலில் கொஞ்சம் மோனசைட்டும் இருக்கும். கைப்பிடி மணல்தானே என்று தூக்கினால் நினைத்ததைவிடக் கனக்கும்.

அந்தக் கனத்த மணல்தான் முதலில் வெளிநாட்டுக்காரன் கண்ணில் பட்டது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் இங்கே தேடி வந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்து காஸ் விளக்குகளின் மாண்டிலுக்குத் தோரியம் வேண்டும். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அப்படித்தான். நம் ஊரில் கயிறு திரித்தவர்கள் விலை போடாமல் சேர்த்து அனுப்பிய சரக்கு அது!

சரி, இந்தத் தாதுக்கள் கடலில் விளைந்தவையா? இல்லை, மலையிலிருந்து வந்தவை. நம் மலைகளில் இருக்கும் சார்னோகைட், கோண்டலைட் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானவை. அன்றைக்கு இலங்கையும் மடகாஸ்கரும் நம்மோடு ஒட்டிக் கிடந்தன. அங்கேயும் இதே சாதிப் பாறைகள் இருக்கின்றன. மடகாஸ்கர் பிரிந்துபோனது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதன் பிறகு வெயிலும் மழையும் பாறையை இளக்கின. இளகியதில் ஒரு பங்கு நம் வீட்டுச் சுவரில் இருக்கும் வெட்டுக்கல் ஆயிற்று. மீதியை ஆறு எடுத்துக்கொண்டது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாக, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறதே, அந்த ஆறுதான் இங்கே மணல் கொண்டுவந்த லாரி.

இறக்கியதைப் பிரித்து வைப்பது அலை. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது, ஆகவே இங்கே எல்லா வேலையும் அலையுடையதுதான். அலை மேலே ஏறும்போது எல்லா மணலையும் தூக்கி வருகிறது. திரும்பும்போது வேகம் குறைவு, லேசான குவார்ட்ஸைத்தான் இழுத்துப்போக முடிகிறது. கனத்தது கரையிலேயே தங்கிவிடுகிறது. ஆனி ஆடிக் கடல் அடித்து ஓய்ந்த பிறகு கரையில் கருமணல் பட்டை பட்டையாகக் கிடப்பது இதனால்தான்.

கரை எப்போதும் இதே இடத்தில் இருந்ததில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. இன்று வள்ளம் போகிற இடமெல்லாம் அன்று தரை. பனி உருகக் கடல் ஏறி, ஏறக்குறைய 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் இப்போதைய மட்டத்துக்கு வந்து நின்றது. நாம் பார்க்கிற கடற்கரையின் வயது அவ்வளவுதான்.

கடினப் பாறை இருந்த இடத்தில் கடலால் சீக்கிரம் தின்ன முடியவில்லை. முட்டம் அப்படி முட்டிக்கொண்டு நிற்கிற இடம். ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் பார்த்திருப்பீர்கள். குளச்சலில் கடலுக்குள் நிற்கும் பாறைகளும் அந்த வகைதான்.

நம் பக்கம் பேச வேண்டியது பொழி, அதாவது ஆறு கடலில் விழும் வாய். கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றினால் அலையின் கை ஓங்கும். மணலை வாரி வாரி வாய்க்கு நேரே போட்டு மேடு கட்டிவிடும். ‘பொழி மூடிப்போச்சு’ என்பார்கள். மழை பெய்து ஆறு பெருகினால் ஒரே ராத்திரியில் முறிந்துவிடும். இப்படி ஆறும் கடலும் இழுத்துப் பறித்த இழுபறியில் உண்டானதுதான் இரையுமன்துறை ஊர் நிற்கிற மணல்திட்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவே ஒரு நாடா அகலத்தில் வீடுகள்.

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, கரை ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கும். இதை மறந்ததில்தான் இன்றைய தொல்லை எல்லாம். 1906-இல் பேச்சிப்பாறை அணை, பிறகு 1950-களில் பெருஞ்சாணி அணை. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அந்த அணைகள் தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் கடலுக்கு வர வேண்டிய மணலில் ஒரு பங்கு அங்கே தங்கிவிடுகிறது. ஆற்றுவாயில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு நீட்டினோம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலை உடைந்து, படகு கவிழ்ந்து எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஒரு ஊர் கேட்டுத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போடுகிறார்கள். ஒரு பக்கம் மணல் சேர்கிறது, மறுபக்கம் அடுத்த ஊரின் வீடு கடலுக்குள் போகிறது. அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது. நியாயமான கோரிக்கைதான், ஆனால் இந்த வரிசைக்கு முடிவே இல்லை. இதற்கு மேல் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் அள்ளும் திட்டம் வேறு. கரையோர மக்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் என்ன?

மாற்று வழிக்குப் புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே 1989-இல் துறைமுகத் தடுப்பு கட்டிய பின் நகரத்துக் கடற்கரையே காணாமல் போயிற்று. துறைமுக வாயில் தூர்வாரிய மணலை இழந்த கரையில் கொட்டி, 2018 வாக்கில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டும் வைத்த பிறகுதான் கொஞ்சம் மணற்பரப்பு திரும்பி வந்தது. தேங்காப்பட்டணத்திலும் தூர்வாரும் மணலை ஏலம் விட்டு லாரி ஏற்றாமல், அரிக்கப்படும் ஊர்களின் கரையிலேயே கொட்டச் சொல்ல வேண்டும். உங்கள் கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.