பேனல் பிரித்துச் சொல்லட்டும்



பழைய டீசல் எஞ்சினில் பெரும்பாலும் ஆயிலே மெல்லிய குழாய் வழியாகப் பேனல் வரை ஏறிவந்து பிரஷர் கேஜின் முள்ளைத் தள்ளியது. எலக்ட்ரானிக் எஞ்சினில் சென்சாரைப் படிப்பது எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சி.எம். அது முறுக்கிய இரண்டு வயர்களில் எண்களாக அனுப்புவதைத்தான் பேனல் வாங்கிக் காட்டுகிறது. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ்ஸும், அதன்மேல் எழுந்த ஜே1939 நெறிமுறையும் இதற்கு அடித்தளம். நம் நாட்டில் 800 கிலோவாட் வரையிலான ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் கடுமையான புகை வரம்புகள் வந்தபின், இவ்வகை எஞ்சின்கள் வேகமாகப் பரவிவருகின்றன.

இந்த மாநாட்டின் முன் நான் வைக்கும் கருத்து ஒன்றுதான். எஞ்சினில் கோளாறா, அதைக் கண்காணிக்கும் சென்சாரில் கோளாறா என்று ஆபரேட்டருக்குப் பிரித்துச் சொல்லாத பேனலை நாம் ஏற்கக் கூடாது.

ஜே1939இல் ஆயில் பிரஷருக்கு உரிய எண் 100. அதனுடன் கோளாறு வகை எண் 1 வந்தால் பிரஷர் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. எஞ்சினை உடனே நிறுத்தியாக வேண்டும். அதே 100உடன் 3 அல்லது 4 வந்தால் சென்சார் சர்க்யூட்டின் மின்னழுத்தம் எல்லை மீறியிருக்கிறது. வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பேரிங்குக்கு ஆயில் குறைவின்றிப் போய்க்கொண்டிருக்கலாம். ஈ.சி.எம். இவ்வளவு தெளிவாகப் பிரித்து அனுப்புவதை, ஒரே விளக்காகவும் ஒரே சைரனாகவும் பேனல் சுருக்கிவிட்டால் நள்ளிரவு ஷிப்டில் தனியாக நிற்பவர் என்ன செய்வார்? அறுவை அரங்குக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டராக இருந்தால், வீணாக நிறுத்துவதும் ஆபத்து, நிறுத்தாமல் விடுவதும் ஆபத்து.

தகவலே வராதபோது காட்டுவது இன்னும் முக்கியம். பிரஷருக்கான பைட்டில் 255 வந்தால் 'தகவல் இல்லை' என்றும், 254 வந்தால் 'பிழை' என்றும் நெறிமுறை வகுத்திருக்கிறது. அந்த இடத்தில் பூஜ்யத்தைக் காட்டும் பேனல் வீண் பீதியைக் கிளப்பும். கடைசியாக வந்த நல்ல அளவையே பிடித்துக்கொண்டு நிற்கும் பேனல் அதைவிடக் கொடியது என்பது என் உறுதியான எண்ணம். அதை நம்பியவருக்குச் சந்தேகப்படக்கூட வாய்ப்பில்லை. வெறுங்கோடு காட்டினால் போதும்.

எப்போது நிறுத்துவது என்பதும் எல்லா எஞ்சினுக்கும் ஒன்றல்ல. தீயணைப்பு பம்ப்புகளுக்கான அமெரிக்க விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 20, எலக்ட்ரானிக் எஞ்சினுக்கு மாற்று ஈ.சி.எம். ஒன்றும் வேண்டும் என்கிறது. தீ விபத்தில் தானாக ஓடத் தொடங்கிய எஞ்சினை ஆயில் பிரஷர் குறைவுக்காக நிறுத்தவும் அது விடுவதில்லை. எஞ்சின் அழிந்தாலும் கட்டடத்தில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்த விதி அது. பயன்படும் இடத்தை அறியாமல் பேனலை செட்டிங் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே கட்டுரை வாசிக்கப்போகும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பேனலில் சென்சார் வயரைக் கழற்றினால் திரையில் என்ன தெரியும், எஞ்சின் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் அறையில் பணியாற்றும் நண்பர்கள் தயங்காமல் குறுக்கிட்டுக் கேளுங்கள். கேள்விகளுக்கு வேண்டிய நேரத்தை நான் ஒதுக்கித் தருகிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.