மிஸ்ஸி, பாப்பாவுக்குச் சுனாட் செய்வீங்களா?



எனக்கு மேடை பழக்கமில்லை. பிரசவ வார்டுதான் பழக்கம். ஷா ஆலமில் நான் தாதியாக இருந்தபோது, தொழிற்சாலையில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருத்தி பெண் கைக்குழந்தையோடு வந்தாள். தடுப்பூசி போட்டாயிற்று. ஆனாலும் எழுந்து போகவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் மெல்லக் கேட்டாள்: "மிஸ்ஸி, பாப்பாவுக்குச் சுனாட் இங்கே செய்வீங்களா?" பெண்குழந்தையின் பிறப்புறுப்பைக் கீறும் அல்லது வெட்டும் சடங்கைத்தான் கேட்டாள்.

"இங்கே இல்லம்மா, வேறே கிளினிக்கில் கேளு" என்றேன். தடுத்த மாதிரி நினைப்பு. உண்மையில் வழிகாட்டி அனுப்பியிருக்கிறேன்!

அந்த 'வேறே கிளினிக்' இருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வில், மலேசிய முஸ்லிம் மருத்துவர்கள் 366 பேரில் 75 பேர் இதைச் செய்வதாகச் சொன்னார்கள். முன்பு பீடான் எனும் மருத்துவச்சி வீட்டில் நடந்தது, இன்று கையுறை போட்டு நடக்கிறது. கையுறை போட்டால் அது வைத்தியமாகிவிடுமா? குழந்தைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. இங்கே பெரும்பாலும் சிறு கீறல்தான். சோமாலியாவில் அறுத்துத் தைத்தே விடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மருத்துவப் பணியாளர் யாரும் செய்யக்கூடாது என்கிறது.

"இது அவங்க மத விஷயம், நமக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. ஐயா, இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே 'ஒஸ்தா மாமி' என்று தமிழிலேயே இதற்கு ஆள் உண்டு. 2018இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. நம் நாட்டில் 2009இல் தேசிய ஃபத்வா குழு இதைக் கடமை என்றது. தீங்கு விளைந்தால் தவிர்க்கவும் சொன்னது. தீங்கு எது என்று சொல்ல வேண்டியவர் யார்? ஸ்டெதாஸ்கோப் மாட்டியவர்கள்தானே! அவர்களே கத்தரியை எடுத்தால், தவிர்க்கச் சொன்ன அந்த வாசலும் அடைபட்டுப் போகும்.

அந்தத் தாய் இன்று வந்தால், "உட்காரும்மா, யார் செய்யச் சொன்னது?" என்றுதான் தொடங்குவேன். பெரும்பாலும் ஊரிலிருக்கும் மாமியார்தான். திட்டாமல், போலீஸ் பேச்செடுக்காமல் பேச வேண்டும். வேலை பெர்மிட் இல்லாதவள் பயந்தால் மறுபடி கிளினிக் பக்கமே வரமாட்டாள். "உங்கள் நாட்டிலேயே 2024 ஜூலையில் அரசு இதை ஒழிக்கச் சட்டவிதி போட்டாயிற்று" என்று சொல்வேன். மாமியாரிடம் சொல்ல அவளுக்கும் ஒரு வார்த்தை வேண்டுமல்லவா?

டாக்டர்களே, மிஸ்ஸிகளே, மொழிபெயர்க்க வரும் தம்பி தங்கைகளே! குழந்தை பிறந்து, சடங்குக்கு நாள் குறித்த பிறகு பேசிப் பயனில்லை. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே, தாய் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே பேச்செடுங்கள்.