காக்க வைப்பதே அவர்கள் கொள்கை



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் அனைவரும் ஒரே புகாரைச் சொன்னார்கள். பகுதிநேர ஆசிரியர்களான உங்களுக்குப் பணி நிரந்தரம் தாமதமாகிறது, அரசு தாமதிக்கிறது என்றார்கள். நான் அதை மறுத்துப் பேச வந்திருக்கிறேன். தாமதம் செய்கிறவனுக்குக் கொஞ்சமாவது உறுத்தல் இருக்கும். இங்கே யாருக்கு உறுத்தல் இருக்கிறது? உங்களைக் காக்க வைப்பதால் எந்த அரசுக்கும் காசு நஷ்டமில்லை, ஓட்டு நஷ்டமில்லை, ஒரு வகுப்பு நின்றுபோனதில்லை. லாபம் வருகிற காரியத்தை எவனாவது அவசரமாக முடிப்பானா? தோழர்களே, நீங்கள் காத்திருப்பது நிர்வாகக் கோளாறால் நேர்ந்தது என்று இனியும் நம்பாதீர்கள். காக்க வைப்பதுதான் கொள்கை. அதை வைத்துத்தான் பள்ளிக்கூடம் ஓடுகிறது.

கதை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தரப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதினார்கள். பிள்ளைக்குப் பாட்டும் படமும் விளையாட்டும் உரிமை என்றார்கள். சரி, நல்ல சட்டம். ஆனால் அந்த உரிமையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்கு மட்டும் உரிமை எதுவும் வேண்டாம் என்று அதே வரியில் முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு முழு உரிமை, வாத்தியாருக்கு அரை நாள்!

அதன்படி 2012 மார்ச்சில் தமிழ்நாட்டில் 16,549 பேரை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை, தோட்டக்கலை, கட்டுமானம், வாழ்வியல் திறன் என்று எட்டுப் பாடம். கொல்லைப்புறமாக வந்தவர் எவருமில்லை. அரசே ஆணை போட்டது, சான்றிதழ் பார்த்தது, நேர்காணல் வைத்தது. சம்பளம் மாதம் 5,000 ரூபாய், தொகுப்பூதியம். 2014-இல் 7,000 ஆக்கினார்கள். 2017-இல் 700 ரூபாய் கூட்டினார்கள். எழுநூறு ரூபாய்! பிறகு தேர்தல் வருகிற வருஷமான 2021-இல் 10,000. 2024-இல் 12,500. 2025-இல், பதின்மூன்று வருஷம் வேலை பார்த்த பட்டதாரிக்கு, பட்டயம் படித்தவருக்கு, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுதான் கொடுத்தார்கள். இந்த ஊரில் வீட்டு வாடகையும் பால் கணக்கும் கொடுத்தால் மிச்சம் என்ன என்று உங்கள் வீட்டு அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதுவும் பதினோரு மாதம்தான். 2025 வரை மே மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. பள்ளி விடுமுறையாம். நிரந்தர ஆசிரியருக்கும் அதே விடுமுறைதான், அவருக்குச் சம்பளம் உண்டு. 5,000 ரூபாய் காலத்தில் 16,549 பேரின் ஒரு மே மாதத்தைக் கணக்குப் போட்டேன். எட்டுக் கோடியே இருபத்தேழு லட்சம். தமிழ்நாட்டு பட்ஜெட்டில் இது தூசு. அந்தத் தூசுக்காக ஒவ்வொரு கோடையிலும் இவ்வளவு குடும்பங்களை நகைக்கடன் வரிசையில் நிறுத்தினார்கள்.

வாரத்துக்கு மூன்று அரை நாள்தானே, மிச்ச நேரத்தில் வேறு வேலை பாரேன் என்று உபதேசம் செய்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். மூன்று அரை நாள் என்றால் ஒன்றரை நாள் என்று அவர்கள் கணக்கு. பஸ் ஏறி இருபது, முப்பது கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு மூன்று அரை நாள் என்பது மூன்று முழு நாள். மிச்ச நாளுக்கு மட்டும் எந்த முதலாளி வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்? அதோடு விட்டார்களா? எழுத்தில்தான் மூன்று அரை நாள். நடப்பில் ஆசிரியர் வராத வகுப்புக்கு யார் போவது? எமிஸ் தளத்தில் பிள்ளைகள் விவரத்தை யார் ஏற்றுவது? ஆண்டு விழாவுக்குத் திரை வரைவது யார், குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது யார்? தலைமை ஆசிரியர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? வராது. ஏன் வராது? நாளைக்கு நிரந்தரம் என்று வரும்போது இவர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்ற பயம். பார்த்தீர்களா, காக்க வைப்பதன் பலன் எங்கே கிடைக்கிறதென்று! நிரந்தர ஊழியர் கேள்வி கேட்பார். எதிர்பார்ப்பில் இருப்பவர் கேட்க மாட்டார். சம்பளத்தின் ஒரு பகுதியை நம்பிக்கையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வங்கியில் கணக்கு வேண்டாம், கருவூலத்தில் பில் வேண்டாம்.

பந்திக்கு அழைத்துவிட்டு, 'இதோ இலை போடுகிறோம்' என்று திண்ணையில் பதின்மூன்று வருஷம் உட்கார வைத்தால் அதற்கு விருந்தோம்பல் என்றா பேர்?

இந்த வேலையால் கல்யாணம் தள்ளிப்போனவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லமாட்டேன். பெண் வீட்டில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அரசுப் பள்ளி வாத்தியாரா, ரொம்ப சந்தோஷம். பர்மனென்ட்டா?" அங்கே பேச்சு நின்றுவிடும். இந்த 16,549 பேரில் 2025-இல் எஞ்சியது பன்னிரண்டாயிரம் சொச்சம். மற்றவர்கள் எங்கே? சிலர் வெறுத்துப்போய் வேலையை விட்டார்கள். சிலர் வயது முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். சிலர் செத்துப்போனார்கள். எண்ணிக்கை தானாகவே குறைகிறது. பிரச்சினையைத் தீர்க்க வேண்டியதில்லை, பொறுத்திருந்தால் அதுவே தீர்ந்துபோகும் என்று கோட்டையில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இதைவிடக் கொடிய சிக்கனம் எனக்குத் தெரியாது.

"தெரிந்துதானே சேர்ந்தீர்கள்?" இந்தக் கேள்விக்கு வருவோம். 2012-இல் தெரிந்துதான் சேர்ந்தோம், ஒப்புக்கொள்கிறோம். 2021-இல் எங்களைத் தேடி வந்து, தேர்தல் அறிக்கையில் 181-வது வாக்குறுதியாக 'நிரந்தரம் செய்வோம்' என்று அச்சடித்துக் கொடுத்தது யார்? நாங்களா அந்த அறிக்கையை எழுதினோம்? வேலை கொடுத்தது அ.தி.மு.க. ஆட்சி. ஒன்பது வருஷம் கையில் வைத்திருந்து நிரந்தரம் செய்யவில்லை. வாக்குக் கொடுத்தது தி.மு.க. 2021-இல் ஆட்சிக்கு வந்து நாலு வருஷம் தாண்டியும் செய்யவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது நம் பந்தலுக்கு வந்து தரையில் உட்காருகிறார்கள். ஆளுங்கட்சியானதும் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் தரையில் உட்காரும் நம்மைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் அடைத்து, மதியம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்கள் சிலருக்குக் கல்யாண மண்டபத்தோடு உள்ள உறவு அது ஒன்றுதான். (சிரிப்பு)

அடுத்தது பணம். நிதி இல்லை என்கிறார்கள். ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது என்கிறார்கள். நிறுத்தி வைத்தது அநியாயம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று ஒரு மாநிலத்தை மிரட்டுவது அயோக்கியத்தனம். அந்தச் சண்டையில் நாம் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் 2012-லிருந்து 2024 வரை அந்தப் பணம் வந்துகொண்டுதானே இருந்தது? அப்போது நிரந்தரம் செய்தீர்களா? டெல்லிக்காரன் செய்த அநியாயத்தை உங்கள் அநியாயத்துக்குக் குடையாகப் பிடிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இதே தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். நானூற்று எண்பது நாள்! நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம். ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தக் கதவு நமக்கு அடைத்துக் கிடக்கிறது. ஆசிரியத் தொழில் புனிதமானது என்ற பாராட்டுக்கு நாம் கொடுக்கும் விலை இது.

இன்னொரு கதவில் உமாதேவி வழக்கு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். 2006-இல் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. தற்காலிகமாக வந்தவன் நிரந்தரம் கேட்க முடியாது என்று எல்லா அரசும் அதைத்தான் காட்டுகிறது. அதே தீர்ப்பில் 53-வது பத்தி ஒன்று இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, பத்து ஆண்டு வேலை பார்த்தவர்களை ஒரு முறை வரன்முறைப்படுத்துங்கள் என்று அரசுகளுக்குச் சொன்ன பத்தி. அதை மட்டும் வாசிக்க மாட்டார்கள். அந்தத் தீர்ப்பை ஊழியருக்கு எதிரான ஆயுதமாகத் திருப்புகிறீர்கள் என்று 2024 டிசம்பர் 20-இல் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அந்த வழக்கைப் போட்டவர்கள் யார் தெரியுமா? மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் பெருக்கித் துடைத்தவர்கள்.

அப்படியும் சொல்வார்கள், உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடமே இல்லையே என்று. பணியிடத்தை உருவாக்க வேண்டியது யார்? இவர்கள்தானே! பாத்திரத்தை ஒளித்துவைத்துவிட்டுச் சோறு போட வழியில்லை என்கிறார்கள். இதற்கும் பதில் வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 19-இல், உத்தரப் பிரதேச தினக்கூலி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடுதல் பணியிடங்களை உருவாக்கியாவது அவர்களை வரன்முறைப்படுத்து என்று உத்தரவு போட்டது. நிதி நெருக்கடி என்ற ஒரு சொல்லைக் காட்டித் தப்ப முடியாது, அரசு என்பது சந்தையில் ஆள் பிடிக்கிற கம்பெனி இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை நம் சங்கம் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு எம்.எல்.ஏ. வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

காத்திருந்தால் என்றாவது கிடைக்கும் என்று இன்னும் நினைப்பவர்கள் சென்னை மாநகராட்சியைப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் வருஷக்கணக்காக நிரந்தரத்துக்குக் காத்திருந்தார்கள். வந்தது நிரந்தரமா? இரண்டு மண்டலத்தின் குப்பையையும் தனியாரிடம் தூக்கிக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கியது. அதே தேர்தல் அறிக்கையில் அவர்களுக்கும் ஒரு வாக்குறுதி எண் இருந்தது, 285. எண் பத்திரமாக இருக்கிறது, வேலைதான் கைமாறிவிட்டது. நாளைக்கு ஓவியத்துக்கும் இசைக்கும் ஒரு தொண்டு நிறுவனம், கணினிக்கு ஒரு கம்பெனி என்று ஒப்பந்தம் போட எவ்வளவு நேரமாகும்?

நிரந்தர ஆசிரியர் சங்க நண்பர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய ஓய்வூதியம் கேட்டு நீங்கள் போராடியபோது எங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எங்களுக்கு எப்போதும் கடைசி வரிதான். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் கடைசி வரிதான். நீங்கள் ஓய்வு பெறும் இடத்தில் யாரை வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்களைப் போல ஒருவரைத்தான்.

ஆகவே தோழர்களே, இனி மனுவில் 'கருணை கூர்ந்து' என்று எழுதாதீர்கள். தேர்தல் வரட்டும். எல்லாக் கட்சியும் நம்மிடம் வரும், எல்லோர் கையிலும் ஒரு வாக்குறுதி இருக்கும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கும்பிடு போட்டு அனுப்பாதீர்கள். வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள். காலமுறை ஊதியத்தில் எத்தனை பணியிடம் உருவாக்குவீர்கள்? எந்த மாதத்துக்குள்? 2012-லிருந்து பார்த்த வேலை பணிக்காலத்தில் சேருமா? செத்துப்போனவர் குடும்பத்துக்கு என்ன தருவீர்கள்? வயது முடிந்து போனவருக்கு என்ன? தேதி சொல்லாதவருக்கு உங்கள் வீட்டில் ஒரு ஓட்டும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பன்னிரண்டாயிரம் குடும்பம், வீட்டுக்கு நாலு ஓட்டு. இந்த ஒரு கணக்காவது அவர்களுக்குப் புரியும்.