மாதாவும் வேதாகமமும்

(யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த நவநாளின்போது நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நவநாள் தொடங்கிய நாள் முதல் தேவதாயின் மகிமைகளைப் பாடியும் பேசியும் வருகிறோம். இன்று சற்று வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கிறது. அவலாஞ்சியிலும் எமரால்டிலும் மஞ்சூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் நம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மாதாவைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது?" கேட்பவர் அந்நியர் அல்லர். அதே லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரர். அதே பஸ்ஸில் ஊட்டிக்குப் போகிறவர். சில குடும்பங்களில் சம்பந்தியும் ஆகிவிட்டவர். மகளைப் பிற சபையில் கட்டிக்கொடுத்த ஒரு தாய், அங்கே போகும்போது செபமாலையை முந்தானையில் முடிந்து மறைத்துக்கொண்டு போவதாக நம்மிடம் சொல்லிக் கண்ணீர் விட்டார்.

வாய் மூடியிருப்பது இதற்குப் பதிலாகாது. கோபித்துச் சண்டைக்குப் போவதும் பதிலாகாது. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருப்பது எது, இல்லாதது எது என்று நேர்மையாகப் பார்ப்போம். இல்லாததை இருப்பதாகச் சாதிப்பது மாதாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தச் சர்ச்சை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1706ல் லூத்தரன் சபைப் போதகர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலம் தொட்டே நடந்து வருகிறது. நம் வீரமாமுனிவர் 1728ல் வேத விளக்கம் என்னும் நூலை அவர்களுக்கு மறுமொழியாகவே எழுதினார். அந்தக் காலத்து எழுத்தில் இரு பக்கமும் காரம் அதிகம். நமக்கு அது வேண்டாம். 1995ல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு இன்று நம் கையில் இருக்கிறது. நம் மலையிலேயே, லூக்கா நற்செய்தியைப் படுக மொழியில் பெயர்த்தவர்கள் பாசல் மிஷனைச் சேர்ந்த புராட்டஸ்டாண்டுப் போதகர்கள். மாதாவைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லும் நற்செய்தி அதுதான் என்பதை நினைத்துப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, நன்றியும் வருகிறது.

முதலில் "தேவமாதா" என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல் வேதாகமத்தில் எழுத்துக்கு எழுத்து இல்லை. ஆனால் எலிசபெத்தம்மாள், தம் வீட்டு வாசலுக்கு வந்த மரியாளை ஆண்டவருடைய தாய் என்று அழைத்து வரவேற்றதை லூக்கா 1:43 சொல்கிறது. புனித பவுல் மரியாளின் பெயரை எங்குமே குறிப்பிடவில்லை. ஆயினும் கடவுள் தம் மகனைப் பெண்ணிடம் பிறந்தவராக அனுப்பினார் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். பிறந்தவர் யார் என்பதே கேள்வி. பிறந்தவர் கடவுள் என்றால் பெற்றவள் கடவுளின் தாய். நெஸ்தோரியுஸ் என்ற ஆயர் இதை மறுத்தபோது 431ல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் இந்தப் பட்டத்தை உறுதி செய்தது. மரியாளை உயர்த்த வேண்டும் என்று அந்தச் சங்கம் கூடவில்லை. கிறிஸ்து பாதி மனிதர் பாதி கடவுள் என்று பிளவுபட்டுப் போகாமல் காக்கவே கூடியது. கடவுளுக்கு ஆரம்பம் கொடுத்தவள் என்று இதற்கு யாராவது பொருள் கொண்டால், அது நம் போதனையும் அன்று.

அடுத்து, கன்னிமை. கணவனை அறியாத நிலையில் இயேசுவைக் கருத்தரித்தார் என்பதில் மத்தேயுவும் லூக்காவும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பிற சபையாரும் இதில் நம்மோடு நிற்கிறார்கள். தகராறு அதற்குப் பிறகுதான். இயேசுவின் சகோதரர்கள் என்று யாக்கோபு, யோசே, சீமோன், யூதா என நால்வர் பெயரைச் சுவிசேஷம் சொல்கிறதே, அவர்கள் யார்?

தமிழ் பேசும் நமக்கு இது பெரிய புதிராகத் தோன்றக் கூடாது. பெரியப்பா மகனை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? அண்ணன் என்கிறோம். சித்தி மகள் நமக்குத் தங்கச்சி. கூடப் பிறந்தவரா என்று யாராவது அழுத்திக் கேட்டால்தான் உறவை விளக்குகிறோம். எபிரேயர் பேச்சும் அப்படியே. ஆபிராமின் உடன்பிறந்தவருடைய மகனான லோத்து, ஆதியாகமத்தில் சகோதரன் என்றே குறிக்கப்படுகிறார். மேலும், யாக்கோபு, யோசே என்பவர்களின் தாய் மரியா என்று வேறொரு பெண்மணி சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராக இருந்ததாக மத்தேயு 27:56 கூறுகிறது. எனவே இவர்கள் சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று புனித ஜெரோம் 383ல் எழுதினார். கீழைத் திருச்சபையில் பலர், இவர்கள் சூசையப்பரின் முதல் மனைவியின் பிள்ளைகள் என்கிறார்கள். மாற்றார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: ஒன்றுவிட்ட சகோதரனைக் குறிக்கக் கிரேக்கத்தில் தனிச் சொல் இருக்கிறது, கொலோசையருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே அதைப் பயன்படுத்துகிறார். ஆகவே வேதாகமத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம். என்றும் கன்னி என்பது ஆதித் திருச்சபை நமக்குக் கையளித்த விசுவாசம். வேதாகமம் அதற்கு இடம் தருகிறது, தடை சொல்லவில்லை. மார்ட்டின் லூத்தரும் இதை விடாமல் பிடித்திருந்தார் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கு அன்போடு சொல்லலாம்.

இனி நமக்குக் கசப்பாகத் தோன்றும் வசனங்கள். இவற்றை நாம் பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம், தாண்டக் கூடாது. கூட்டத்தில் ஒரு பெண், இயேசுவைச் சுமந்த வயிற்றைப் போற்றிக் குரல் கொடுக்கிறாள். ஆண்டவரோ, இறைவார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்பவரே அதைவிடப் பேறுபெற்றோர் என்கிறார் (லூக்கா 11). தாயும் உறவினரும் வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லப்பட்டபோதும் அதே பதில்தான். தாய் என்ற இரத்த உறவுக்காக மட்டும் மரியாளை மகிமைப்படுத்த ஆண்டவர் இசையவில்லை என்பது உண்மை. ஆனால் அதே லூக்கா, தம் முதல் அதிகாரத்தில், இறைவாக்கைக் கேட்டு அதற்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்தவராக யாரைக் காட்டுகிறார்? நடந்தவற்றையெல்லாம் மனதில் இருத்திச் சிந்தித்தவராக இரண்டு முறை யாரைச் சொல்கிறார்? ஆண்டவர் வைத்த அளவுகோல் தாயை விலக்கவில்லை. தாய் ஏன் பெரியவர் என்ற காரணத்தை மாற்றி வைக்கிறது. வயிற்றில் சுமக்கும் முன்னே விசுவாசத்தால் சுமந்தார் என்று புனித அகுஸ்தினார் போதித்ததும் இதைத்தான்.

கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் தாயை அழைத்த சொல்லும் சிலரை உறுத்துகிறது. பழைய புராட்டஸ்டாண்டு மொழிபெயர்ப்பில் அது "ஸ்திரீயே" என்றிருக்கிறது. பொது மொழிபெயர்ப்பு "அம்மா" என்று மாற்றிவிட்டது. மூலத்தில் இருப்பது பெண் என்ற பொருள்படும் சொல்லே. நம் ஊரில் எந்த மகனும் தாயை அப்படி அழைக்க மாட்டான். நமக்குத் தெரிந்தவரை யூதரிடத்திலும் அது வழக்கமில்லை. சிலுவையில் தொங்கியபடி தாயைச் சீடரிடம் ஒப்படைக்கும்போதும் ஆண்டவர் அதே சொல்லைச் சொல்கிறார். ஆகவே அது அவமதிப்பான சொல்லாக இருக்க முடியாது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் பாம்புக்குப் பகையாக நிறுத்தப்பட்ட பெண்ணை யோவான் நமக்கு நினைவூட்டுகிறார் என்று திருச்சபை கண்டுகொண்டது. "அம்மா" என்ற மொழிபெயர்ப்பு காதுக்கு இனிமையாயிருந்தாலும் இந்த ஆழம் அதில் மறைந்து போகிறது என்பது நம் தனிக்கருத்து.

இதுவரை வசனம் உண்டு. இனி வருகிற இரண்டுக்கும் நேரான வசனம் இல்லை. அமலோற்பவத்தை 9ஆம் பத்திநாதர் 1854லும், மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை 12ஆம் பத்திநாதர் 1950லும் விசுவாச சத்தியங்களாக அறிவித்தார்கள். அமலோற்பவத்தில் புனித தோமாஸ் அக்குவினாரே தயங்கினார். எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பவுல் எழுதியிருக்க, மரியாள் தாமே கடவுளைத் தம் மீட்பர் என்று பாடியிருக்க, பாவமே இல்லாதவருக்கு மீட்பு எதற்கு என்பது அவர் தயக்கம். இதற்கு வழிகாட்டியவர் பிரான்சிஸ்கு சபைத் துறவி துன்ஸ் ஸ்கோத்துஸ்.

அவர் சொன்னதை நம் ஊர்க் கண்ணால் பார்ப்போம். அவலாஞ்சி என்ற பெயரே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சரிந்த மலையைப் பார்த்து ஆங்கிலேயர் வைத்தது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் மறக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்து, பிறகு தோண்டி எடுக்கப்பட்டவன் காப்பாற்றப்பட்டவன். சரிவு வரும் முன்னே கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போகப்பட்டவளும் காப்பாற்றப்பட்டவளே. இருவரையும் காத்த கை ஒன்றுதான். மரியாள் மீட்பு தேவைப்படாதவர் அல்லர்; தம் மகனின் சிலுவைப் பலனால் முன்கூட்டியே மீட்கப்பட்டவர். வானதூதர் அவரை வாழ்த்திய சொல், ஏற்கெனவே அருளால் நிரப்பப்பட்டு அந்நிலையிலேயே இருப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் முன்னோர் பிரியதத்த மந்திரம் என்று இந்த ஜெபத்துக்குப் பெயர் வைத்தது அந்தச் சொல்லை வைத்தே. அந்தச் சொல் ஒன்றே அமலோற்பவத்தை நிரூபிக்கிறது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் திருச்சபையின் நெடுங்காலத் தியானம் அதிலிருந்துதான் முளைத்தது.

எடுத்துக்கொள்ளப்பட்டது பற்றியும் அப்படியே. மரியாளின் முடிவை யாரும் அறியார் என்று நான்காம் நூற்றாண்டில் புனித எப்பிபானியுஸ் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலரின் எலும்புகளுக்கு உரிமை கொண்டாடிய ஊர்கள் எத்தனையோ. மாதாவின் எலும்பு எங்களிடம் என்று எந்த ஊரும் சொல்லவில்லை. எலியா எடுத்துக்கொள்ளப்பட்டதை நம்புகிறவருக்கு இது கூடாத காரியம் அன்று. நம் தமிழ்ச் சொற்களைக் கவனியுங்கள்: ஆண்டவருக்கு விண்ணேற்றம், மாதாவுக்கு விண்ணேற்பு. அவர் ஏறினார், இவர் ஏற்கப்பட்டார். ஆகஸ்டு 15 அன்று இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, பரிந்துரை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது. இதை நமக்கு எதிராக நீட்டுகிறார்கள். நீட்ட வேண்டியதில்லை, அது நம் விசுவாசமுமாகும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்று பவுல் கேட்கிறார். ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவது அந்த ஒரே மத்தியஸ்தத்தைக் கெடுக்காது என்றால், தாய் மன்றாடுவதும் கெடுக்காது. பிரியதத்த மந்திரத்தின் பின்பாதியில் நாம் மாதாவிடம் கேட்பது வேண்டிக்கொள்ளும் என்பதை மட்டுமே.

ஆனால் நம் பக்கமும் குறை உண்டு, அன்பர்களே. தமிழில் "கும்பிடு" என்ற ஒரே சொல்லைக் கடவுளுக்கும், மாதாவுக்கும், தோட்டத்துத் துரைக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம், மாதாவுக்கு மேலான வணக்கம். இந்த எல்லையைத் திருச்சபை கவனமாகக் காக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மாதாவைப் பற்றித் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டிலேயே அவரையும் சேர்ப்பதா என்று 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுத்தார்கள். சேர்ப்பதற்கு 1114 பேர், வேண்டாமென்று 1074 பேர். 40 வாக்கில் முடிவான காரியம்! மாதா திருச்சபைக்கு வெளியே, மேலே நிற்பவர் அல்லர், உள்ளே முதல் சீடராக இருப்பவர் என்று அதனால் தெளிவாயிற்று. 2025 நவம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இணை மீட்பர் என்ற பட்டத்தை மாதாவுக்குக் கொடுப்பது பொருத்தமற்றது என்று அறிவித்ததும் அதே வழியில்தான். இதைக் கேட்டு நம்மில் சிலர் மனம் வருந்தினார்கள். வருந்த வேண்டாம். மாதாவிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை.

இதே பேராயம் 2024 ஆகஸ்டில் தஞ்சாவூர் ஆயருக்கு மடல் எழுதி, வேளாங்கண்ணியில் கூடும் பக்தியைப் புகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். பிற மதத்தவர் அங்கே வருவதை மதக்கலப்பு என்று எண்ண வேண்டாம் என்றும் அந்த மடல் கூறியது. வேளாங்கண்ணி மரபைக் கவனித்தீர்களா? அந்தத் தாய் பால்காரச் சிறுவனிடம் பால் கேட்டது தமக்காக அன்று, தம் பிள்ளைக்காக. சுரூபத்திலும் பிள்ளை கையில் இருக்கிறது. காவி உடுத்தி, நேர்ச்சை செய்து, கீழே இறங்கிப் போய் வருகிற நம் மக்கள், அங்கே நற்கருணைப் பேழை முன் எவ்வளவு நேரம் முழந்தாளிட்டோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். ஊரார் எல்லா ஆலயத்தையும் மாதா கோயில் என்கிறார்கள். அழைக்கட்டும், உள்ளே குடியிருப்பவர் யார் என்பது நமக்குத் தெரிந்தால் போதும்.

வரும் அக்டோபரில் வீடு வீடாகச் செபமாலை நடக்கும்போது ஒரு சிறு மாற்றம் செய்வோம். சந்தோஷ, துக்க, மகிமை தேவ இரகசியங்கள் 15ல் 13க்கு வேதாகமப் பகுதி இருக்கிறது. 2002ல் சேர்ந்த ஒளியின் இரகசியங்கள் ஐந்துக்கும் இருக்கிறது. ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் அந்தப் பகுதியை வாசிக்க, ஒவ்வொரு அன்பியமும் ஒரு வாலிபரை ஏற்பாடு செய்யட்டும். நேரான வசனமில்லாத கடைசி இரண்டுக்கும் லூக்கா முதல் அதிகாரத்திலுள்ள மரியாளின் பாடலையே வாசிக்கலாம். பக்கத்து வீட்டார் கேட்க வந்தால் அவர்களுக்கும் பாய் விரித்து உட்கார வையுங்கள். அவர்கள் தங்கள் வேதாகமத்தைக் கொண்டுவந்தால் அதிலிருந்தே வாசிக்கலாம்.